பொன்னியின் செல்வன் ஏ.யு. (ஆல்டர்நேட் யுனிவர்ஸ், மாற்று உலகக் கதை) எழுதப் போகிறவர்களுக்கு: கிளைக்கதையா, மாடர்னா, இடமாற்றமா?

வந்தியத்தேவனைக் குதிரையிலிருந்து இறக்கி புல்லட்டில் ஏற்ற ஒரு வரி போதும். அந்த புல்லட்டிலிருந்து இறங்கி வருகிறவன் வந்தியத்தேவன்தான் என்று வாசகர் நம்ப இருபது பக்கம் பிடிக்கும். பொன்னியின் செல்வனை வைத்து ஃபேன்ஃபிக், அதாவது ரசிகர் புனைகதை, எழுத உட்காருகிற பலர் இந்த இருபது பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. காலேஜ், ஐடி கம்பெனி, விண்கலம் என்று களத்தைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். பிறகு பெயர்களைக் கொண்டுபோய் அதில் இறக்குகிறார்கள். ஐந்தாவது அத்தியாயத்தில் ‘இது குந்தவை மாதிரியே இல்லையே’ என்று கமெண்ட் வரும்போது, ‘ஏ.யு.தானே’ என்று பதில் போகிறது. ஏ.யு. என்றால் உலகம் மாறியிருக்கிறது என்றுதான் பொருள். ஆள் மாறியிருந்தால் அதற்கு ஓஓசி (அவுட் ஆஃப் கேரக்டர், குணம் பிசகியது) என்று தனிப் பெயர் இருக்கிறது.

முதலில் மூலம் எது என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ஐந்து பாக நாவல் ஒன்று; 2022, 2023-இல் வந்த இரண்டு திரைப்படங்கள் இன்னொன்று. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் நாவலை வைத்து எழுதத் தடையில்லை. படத்துக்கென்று எழுதிய வசனங்களையும் காட்சிகளையும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. உரிமையைவிட நடைமுறைச் சிக்கல்தான் பெரிது. படத்தில் கடம்பூர் இளவரசி மணிமேகலை கிடையாது. படம் மட்டும் பார்த்த வாசகருக்கு அவள் உங்கள் சொந்தப் பாத்திரம். கதைக்கு மேலே குறிப்பில் ‘நாவல்வழி’ அல்லது ‘படவழி’ என்று ஒரு சொல் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

வழிகள் நான்கு. மூலக் கதையில் ஓரிடத்தில் திருப்பம் வைத்து வேறு பாதையில் விடுவது கிளைக்கதை, அதாவது கேனான் டைவர்ஜன்ஸ். அதே ஆட்களை வேறு காலத்தில் வைப்பது மாடர்ன் ஏ.யு. ஒருவர் இடத்தில் இன்னொருவரை வைப்பது ரோல் ஸ்வாப், இடமாற்றம். விண்வெளி, மாயமந்திரம், வேறொரு கதையின் உலகம் என்று முற்றிலும் வேறு விதிகளில் இறக்குவது ஃபியூஷன். ஃபேன்ஃபிக் போடும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் இவற்றுக்குத் தனித்தனி டேக் உண்டு. வாசகர்கள் டேக்கை வைத்துத்தான் வடிகட்டிப் படிக்கிறார்கள். ஆகவே வழியை நடுவில் மாற்றினால் வந்த வாசகரை இழப்பீர்கள்.

எந்த வழி என்று பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை போடுங்கள். ஐந்தே வரி: என்ன வேண்டும், யாருக்குக் கடன்பட்டவர், எதைச் செய்யவே மாட்டார், எப்படிப் பொய் சொல்வார், மாட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வார். முகம், உடை, வாள், குதிரை எதுவும் அட்டையில் வரக் கூடாது. வந்தியத்தேவனுக்குப் போட்டால் இப்படி வரும். வேண்டியது, வாணர் குலம் இழந்த நாடும் பேரும். கடன், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கு. செய்யாதது, ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விடுவது. மாட்டிக்கொண்டால் பேசுவான், பேச்சு தீர்ந்தால் ஓடுவான்.

பொய் வரிதான் எழுதுவதற்கு மிகவும் உதவும். தஞ்சைக் கோட்டையில் சுந்தர சோழரிடம் அவன் ‘அபாயம்’ என்று சொல்லிவிடுகிறான். சின்ன பழுவேட்டரையர் பிடித்துக்கொண்டதும் அது ‘அபயம்’ என்றாக்கித் தப்பிக்கிறான். ஒரு நெடிலைக் குறிலாக்கிய பொய் அது. முன்கூட்டித் திட்டமிட்டது இல்லை. உண்மையை ஒட்டியே கிடக்கும், பிடித்தாலும் நிரூபிக்க முடியாது. குதிரையை எடுத்துவிடலாம், நூற்றாண்டை மாற்றலாம், இந்தப் பொய் சொல்லும் விதம் இருந்தால் ஆள் கூடவே வந்துவிடுவான்.

கிளைக்கதை: செலவு குறைவு, கணக்கு அதிகம்

உலகத்தைக் கட்ட வேண்டியதில்லை. பேச்சு நடை, ஊர்கள், உறவுமுறை எல்லாம் மூலத்திலேயே இருக்கின்றன. முதல் தடவை எழுதுகிறவருக்கு இதுதான் சரி. மூவாயிரம் முதல் ஆறாயிரம் சொற்களில் முழுமையாக ஒன்றை முடிக்கலாம். ஆனால் திருப்பத்தை எங்கே வைக்கிறீர்கள், எதனால் வைக்கிறீர்கள் என்ற இரண்டில்தான் பெரும்பாலான கிளைக்கதைகள் உடைகின்றன.

எல்லோரும் எழுத ஆசைப்படுவது ‘கரிகாலன் சாகவில்லை’ என்ற கதையைத்தான். மூலத்தில் அவன் கடம்பூர் மாளிகையில் கொல்லப்படுகிறான். இங்கே எப்படிச் சாகவில்லை? ‘குந்தவையின் எச்சரிக்கையைக் கேட்டு அவன் கடம்பூருக்குப் போகவில்லை’ என்று எழுதினால் முதல் பத்தியிலேயே ஆள் மாறிவிட்டார். மூலத்தில் குந்தவை சொல்லியனுப்புகிறாள், பாட்டனார் மலையமான் தடுக்கிறார், அவன் போகிறான். ‘போகாதே’ என்பதே அவனுக்குப் போவதற்குப் போதுமான காரணம். அந்தப் பிடிவாதத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆதித்த கரிகாலன் இல்லை, ஒரு பட்டத்து இளவரசன்.

திருப்பத்தை ஆளுக்கு வெளியே வையுங்கள். வெள்ளத்தில் ஓடம் தாமதமாகட்டும். விளக்கு ஒரு கணம் முன்னால் அணையட்டும். மணிமேகலை கதவை வேறு பக்கம் திறக்கட்டும். அவன் தன் குணப்படியே கடம்பூருக்குள் போய், குணப்படியே வம்புக்கு நின்று, தற்செயலால் பிழைக்கட்டும். மனமாற்றம் திருப்பத்துக்குப் பிறகு, அதன் விளைவாக வரலாம். திருப்பமே மனமாற்றமாக இருந்தால் வாசகர் நம்பமாட்டார்.

அடுத்தது விளைவுக் கணக்கு. ஒரு தாளில் இடப்பக்கம் மாற்றத்தை எழுதி, வலப்பக்கம் அதனால் நடக்காமல் போகிறவற்றை எழுதுங்கள். கரிகாலன் பிழைத்தால் கொலைப்பழி இல்லை. பழி இல்லையென்றால் வந்தியத்தேவன் பாதாளச் சிறைக்குப் போவதில்லை. பெரிய பழுவேட்டரையரின் கடைசி முடிவுக்குக் காரணம் இல்லை. நந்தினியின் சபதம் தீராமல் நிற்கிறது. இவ்வளவையும் ஓரளவு எல்லோரும் யோசித்துவிடுகிறார்கள். தப்பவிடுவது வேறொன்று. மூத்தவன் உயிரோடிருந்தால் பட்டம் அவனுக்கு, தம்பி அருள்மொழியின் கையில் விட்டுக்கொடுக்கக் கிரீடமே இல்லை. ஐந்து பாகமும் போய்ச் சேருகிற அந்தத் தியாகம் பாத்திரத்தின் கையிலிருந்து பறிபோகிறது. அண்ணனைக் காப்பாற்றிய கதைகளில் தம்பி வெறும் நல்ல பையனாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அவனுடைய அட்டையில் ‘தனக்குரியதைக் கேட்காமலே விட்டுக்கொடுப்பான்’ என்று இருந்தால், விட்டுக்கொடுக்க வேறொன்றை அவன் கையில் கொடுத்தாக வேண்டும்: ஈழத்துப் படையின் தலைமை, வானதி, அண்ணன் செய்த குற்றத்தின் சாட்சியம், எதுவானாலும்.

இதனால் ஒரு தேர்வு விதி கிடைக்கிறது. திருப்பம் மூலத்தில் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு கணக்கு குறைவு. கடைசிப் பாகத்தில் ஊமைப் பெண் மந்தாகினி மேல் வேல் படாமல் போனால் கலைய வேண்டியவை சில. முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தை வந்தியத்தேவன் கேட்காமல் தூங்கிவிட்டால் நாவல் முழுக்கக் கலைகிறது. அது கிளைக்கதை என்ற பெயரில் புது நாவல். அதற்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடர்ன்: எழுத இனிக்கும், சறுக்கும் இடங்கள் அதிகம்

வெளிப்பொருத்தம் சில இடங்களில் தானாகவே அமைந்துவிடும். பெரிய பழுவேட்டரையர் தனாதிகாரி, சின்னவர் கோட்டைத் தளபதி. குடும்பக் கம்பெனியில் ஒருவர் கணக்குவழக்கும் மற்றவர் செக்யூரிட்டியும் பார்க்கலாம். நோயில் படுத்திருக்கும் சுந்தர சோழரை யார் பார்க்கலாம் என்பதைப் பழுவேட்டரையர்கள் முடிவு செய்வது போல, ஐசியு வாசலில் விசிட்டர் பாஸை வைத்திருப்பவர் முடிவு செய்யலாம். இந்த இலகுவே பொறி. பதவி பொருந்தியதும் பாத்திரம் பொருந்திவிட்டதாகத் தோன்றும்.

முதல் சறுக்கல் செல்போன். மூலக் கதை ஓடுவதே ஓலையால். ஓர் ஓலையை ஒருவன் உயிரைக் கொடுத்துச் சுமக்கிறான். இன்று கரிகாலன் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வந்தியத்தேவனுக்கு வேலையே இல்லை. ஒரு வழி, போட்டோ எடுத்து அனுப்ப முடியாத பொருளைக் கொடுப்பது: பதிவு செய்யாத உயிலின் அசல், லாக்கர் சாவி, மூலப் பத்திரம். இன்னொன்று, போன் யார் கையில் இருக்கிறதோ அவரே காவல் என்றாக்குவது. அப்பாவின் போனை உதவியாளர்தான் எடுக்கிறார், மகன் பேசினால் வரி வரியாகப் பழுவேட்டரையர் காதுக்குப் போகிறது. மூன்றாவது வழிதான் எளிது, யாரும் யோசிப்பதில்லை: மாடர்ன் என்றால் இன்றைக்கு என்றிருக்கத் தேவையில்லை. 1980-இல் வையுங்கள். டிரங்க் கால் போட்டுக் காத்திருக்க வேண்டும், தந்தி யார் கண்ணிலும் படும், கையோடு எடுத்துப் போவதுதான் பாதுகாப்பு.

மூடுபல்லக்கும் அப்படித்தான். பழுவூர் இளையராணி நந்தினியின் பல்லக்குக்குள், பழுவேட்டரையர்கள் பட்டம் கட்ட நினைக்கும் மதுராந்தகன் ஒளிந்து போவதைக் கறுப்புக் கண்ணாடிக் கார் ஆக்குவது எல்லோருக்கும் தோன்றும். கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 1990-களில் கதை நடந்தால் அது வெறும் கார். இன்று நடந்தால், டோல்கேட்டில் எல்லாரையும் நிறுத்துகிற போலீஸ்காரர் அந்தக் காரை மட்டும் நிறுத்தாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். பழுவூர் அதிகாரத்தைக் காட்ட அந்த ஒரு வரி போதும்.

இரண்டாவது சறுக்கல் எடைக்குறைவு. பாண்டிய மன்னன் வீரபாண்டியனை விட்டுவிடும்படி நந்தினி கெஞ்சுகிறாள்; கரிகாலன் கேட்கிறான்; கேட்டும் வெட்டுகிறான். இந்த மூன்று படியும் வேண்டும். காலேஜ் ஏ.யு.க்களில் இது ‘மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்கால் பிரேக்கப்’ ஆகிவிடுகிறது. உடனே நந்தினி பொறாமைக்கார முன்னாள் காதலி, கரிகாலன் குடிகார முன்னாள் காதலன். மீட்க முடியாத ஓர் இழப்பு, தன் கையாலேயே செய்தது, கெஞ்சலைக் காதில் வாங்கிக்கொண்டே செய்தது என்பதற்கு ஈடாக ஒன்று கிடைக்காவிட்டால் அந்தக் களத்தை விட்டுவிடுங்கள். கரிகாலன் போலீஸ் அதிகாரி, அது ஒரு என்கவுன்டர் என்று வைத்தால் மூன்று படியும் நிற்கும். காலேஜ் ஃபெஸ்ட்டில் எதை வைத்தாலும் நிற்காது.

மூன்றாவது, அடையாளச் சின்னங்களை வைத்துச் சமாளிப்பது. இரண்டு வரைவுகளைப் பாருங்கள். பழுவூர் குழுமத்தின் வாசல், வந்தியத்தேவன் உள்ளே போக வேண்டும்.

முதல் வரைவு:

வந்தியத்தேவன் புல்லட்டை நிறுத்திக் கூலிங்கிளாஸைக் கழற்றினான். அவனுடைய குறும்புச் சிரிப்பில் செக்யூரிட்டியே மயங்கிவிட்டார். “வாணர் குலத்து வீரன் வந்திருக்கேன்னு சொல்லுங்க” என்றான்.

இரண்டாவது வரைவு:

“பாஸ் இருக்கா?”

“இருக்கே.” சட்டைப்பையைத் தட்டினான். உள்ளே பஸ் டிக்கெட்தான் இருந்தது. “உங்க பெரியவர் தூங்குற நேரமாச்சேன்னு பாக்குறேன். எழுப்பி, இவனை விடலாமான்னு நீங்களே கேட்டுடுறீங்களா?”

செக்யூரிட்டி கேட் கம்பியைப் பாதி தூக்கினார். நோட்டை நீட்டினார். “பேரு எழுதுங்க.”

அதில் மட்டும் அவன் பொய் எழுதவில்லை.

“வல்லவரையனா? என்ன தம்பி, பேரு ஒரு மாதிரி இருக்கு?”

“பழைய பேருங்க. நிலமெல்லாம் போயிடுச்சு, இது மட்டும் தங்கிடுச்சு.”

முதல் வரைவில் புல்லட், கண்ணாடி, சிரிப்பு, குலப்பெயர் என்று நான்கு சின்னங்கள் இருக்கின்றன. அவன் செய்தது ஒன்றுமில்லை. ‘குறும்புச் சிரிப்பு’ என்று ஆசிரியர் சொல்கிறார், அவ்வளவுதான். இரண்டாவதில் அட்டையின் மூன்று வரிகள் வேலை செய்கின்றன: பொய் சொல்லும் விதம், மாட்டினால் பேசுவது, இழந்த நாடு. குறும்பு என்ற சொல்லே வரவில்லை. ஒரு பாத்திரத்துக்கு ஒரு காட்சியில் மூலச் சின்னம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இங்கே வல்லவரையன் என்ற அவன் பெயர் ஒன்றுதான்.

ஆழ்வார்க்கடியானுக்கும் இதே விதி. நாமத்தையும் கைத்தடியையும் கொண்டுவந்து வாட்ஸ்அப் குரூப்பில் சைவ வைணவச் சண்டை போடவைத்தால் அது நகைச்சுவைத் துணுக்கு. அவர் சண்டை போடுவது எதிராளி வாயைக் கிளற. டீக்கடையில் இரண்டு நடிகர்களின் ரசிகர்களை மூட்டிவிட்டு, சூட்டில் யார் என்ன உளறுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு டீக்குக் காசு கொடுக்காமல் நழுவுகிறவர், நாமம் இல்லாமலே ஆழ்வார்க்கடியான்தான்.

பேச்சு மொழி மாடர்னுக்கு மட்டுமே உள்ள தனிச் செலவு. மூலத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நூல்நடையில் பேசுகிறார்கள். நீங்கள் பேச்சுத்தமிழுக்கு வந்த மறுகணம், கோடிக்கரைப் பூங்குழலியும் வல்லத்து வந்தியத்தேவனும் ஒரே மாதிரி பேச முடியாது. வட்டார வழக்கு கைவராவிட்டால் பொதுவான பேச்சுத்தமிழில் நில்லுங்கள். தப்பான வழக்கு இல்லாத வழக்கைவிட மோசம். அதைவிட முக்கியமானது விளிப்பு. குந்தவை கரிகாலனை ‘அண்ணா’ என்றும் அருள்மொழியைத் ‘தம்பி’ என்றும் கூப்பிடுவது எந்தக் காலத்திலும் மாறாது. வந்தியத்தேவன் அவளை என்னவென்று கூப்பிடுவான்? மூலத்தில் இளவரசி, தேவி. மாடர்னில் ‘மேடம்’ என்று ஆரம்பித்தால் வேலையாள் தூரம் நிற்கிறது. ‘குந்தவை’ என்று பெயர் சொல்ல ஆரம்பித்தால் கதையில் கடக்க வேண்டிய தூரமே இல்லாமல் போகிறது. ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆகிறது என்பதை ஒரே ஒரு காட்சிக்கு ஒதுக்கி வையுங்கள். காதல் கதை எழுதுகிறவர்கள் இரண்டாம் அத்தியாயத்திலேயே அதை வீணாக்கிவிடுகிறார்கள்.

மாடர்னுக்குப் பதினைந்தாயிரம் சொற்கள், நான்கு முக்கியப் பாத்திரங்கள் என்பது கையாளக்கூடிய அளவு. இருபது பேரையும் இறக்கினால் அட்டெண்டன்ஸ் எடுத்தது போலிருக்கும்.

இடமாற்றம்: கைதேர்ந்தவர்களுக்கு

நந்தினி குந்தவையின் இடத்தில் இளையபிராட்டியாகப் பிறந்து, குந்தவை ஊர்பேர் தெரியாத பெண்ணாக வளர்ந்தால் என்ன? கேட்கும்போதே எழுதத் தோன்றும். ஆனால் நந்தினியின் குணத்தில் பெரும்பங்கு அவளுக்கு மறுக்கப்பட்டவற்றால் ஆனது. மறுக்கப்படாத நந்தினி யார்? அட்டையில் ‘வேண்டியது’, ‘கடன்’ இரண்டையும் அழித்துவிட்டு, பொய் சொல்லும் விதம், மாட்டிக்கொண்டால் செய்வது இரண்டையும் அப்படியே வையுங்கள். எதிரே நிற்கிறவர் எதைக் கேட்க ஏங்குகிறார் என்று முதல் பார்வையிலேயே கண்டுகொள்ளும் திறமை அரண்மனையில் பிறந்தாலும் அவளிடம் இருக்கும். பழிவாங்க அல்லாமல் ஆள அதைப் பயன்படுத்துவாள். அந்தப் பக்கம், குடிசையில் வளர்ந்த குந்தவை அழுதுகொண்டிருக்க மாட்டாள், தெரு முழுவதற்கும் ஏற்பாடு செய்துகொண்டிருப்பாள். இரண்டு சிறுவயதுகளையும் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால் இருபத்தைந்தாயிரம் சொற்களுக்குக் குறைவாக இது நிற்காது. குறைவாக எழுதியவை பெரும்பாலும் பெயர்களை மட்டும் மாற்றிய மூலக் கதையாகவே முடிகின்றன.

ஃபியூஷனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பூங்குழலியின் படகு சரக்கு விண்கலமாகும், கலங்கரை விளக்கம் சிக்னல் நிலையமாகும். ஆனால் அந்த உலகின் விதிகளை விளக்கவே முதல் மூவாயிரம் சொற்கள் போய்விடும். விண்வெளி பிடித்து எழுதினால் எழுதுங்கள். பாத்திரங்களைக் காட்ட இது குறுக்குவழி இல்லை.

ஆக, தேர்வு கையில் இருப்பதைப் பொறுத்தது. நாவலைச் சமீபத்தில் படித்து, நிகழ்ச்சி வரிசை நினைவிலிருந்தால் கிளைக்கதை. வரிசை மறந்துவிட்டது, ஆனால் உரையாடல் எழுத வரும் என்றால் நான்கு பேர் மாடர்ன், அதிலும் செல்போனுக்கு முந்தைய காலம். நாவலை இருமுறையாவது படித்து, குறைந்தது ஒரு ஏ.யு.வை எழுதி முடித்தவருக்கு இடமாற்றம். தொடராகப் போடுகிறவர்கள் எந்த வழியானாலும் முதல் ஐந்து அத்தியாயத்தை எழுதி வைத்துவிட்டு முதல் அத்தியாயத்தைப் போடுங்கள். பாத்திரம் வழுக்குவது பெரும்பாலும் மூன்றிலும் நான்கிலும்தான் தெரியவரும், அதற்குள் முதலிரண்டு போயிருந்தால் திருத்த வழியில்லை.

போடுவதற்கு முன் ஒரு சோதனை. வெறும் உரையாடலாக நானூறு சொற்களை எடுத்து, பெயர்களையும் ஊர்களையும் ‘படகு’, ‘பல்லக்கு’ போன்ற துப்புச் சொற்களையும் அழித்துவிட்டு, நாவல் படித்த பீட்டா ரீடர் (போடுவதற்கு முன் படித்துக் கருத்துச் சொல்கிறவர்) ஒருவரிடம் கொடுங்கள். நான்கு பேரில் மூவரையாவது அவர் சரியாகச் சொல்ல வேண்டும். யாரை யாரோடு குழப்புகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், திருத்தம் அதில் இருக்கிறது. வந்தியத்தேவனை ஆழ்வார்க்கடியான் என்று நினைத்தால், அவன் அதிகம் கேள்வி கேட்கிறான் என்று அர்த்தம். அவன் தப்பிக்கப் பேசுகிறவன். மற்றவரைப் பேசவைக்கப் பேசுகிறவர் ஆழ்வார்க்கடியான். குந்தவையை நந்தினி என்று நினைத்தால், குந்தவை காரணம் சொல்லாமல் வேலை ஏவியிருப்பாள். அவள் ஒருவரை ஓரிடத்துக்கு அனுப்பும்போது எதற்கென்று சொல்லித்தான் அனுப்புவாள். நந்தினி அனுப்புகிறவர்களும் காரணம் தெரிந்துதான் போகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு காரணம்.